இரண்டு வரிக்குள் காரணம்

படிவத்தில் காரணம் எழுத
இரண்டு வரி விட்டிருக்கிறார்கள்.
ஒன்பது மாதத்தை அதற்குள் மடிக்க வேண்டும்.
'உடல்நலக் குறைவு' என்று எழுதினாள் மரைக்கே.
சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன்,
என் பர்மியப் பெயரில்.

கஷ்டம் தாங்காமல் ஓடிவிட்டாள் என்று
ரங்கூன் ஆபீசில் பேசிக்கொள்வார்கள்.
பேசட்டும்.
முடோனுக்கு அவள் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்தாள்.
கொசுவுக்கு வலை, வயிற்றுக்கு மாத்திரை,
மழைக்கு முழங்கால்வரை மஞ்சள் பூட்ஸ்,
தனிமைக்குக்கூட ஒரு தடித்த நோட்டு.
தகரக் கூரையில் மழை இறங்கினால்
ஸ்டெதஸ்கோப்பில் இதயம் கேட்காது;
சிரித்துக்கொண்டே விரல் வைத்து நாடி பார்ப்பாள்.
மருந்தறையில் பாம்பு வந்த அன்று
கத்தியது நான்.

ரப்பர் தோட்டத்திலிருந்து ஆட்கள் வருவார்கள்,
புளித்த பால் வாசத்தோடு.
பாதிப் பேர் பர்மிய மொழி, சிலர் மோன்,
எங்கள் தெருக்காரர்கள் மட்டும் தமிழ்.
மூன்றையும் அவளுடைய ஆங்கிலத்தில் ஊற்றுவது என் வேலை.
ஊற்றும்போது வடிகட்டினேன்.
"இந்தப் புள்ளைக்கு ஊசி போடத் தெரியுமா?"
உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சியாம்.
"பெத்தவளை விட்டு இவ்வளவு தூரம், அப்படி என்ன கடனோ."
இப்போது தேவலையாம்.

சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து
வட்டம் வட்டமாக அந்த எழுத்தை எழுதிப் பழகினாள்.
ஆறாம் மாதம் வாழைப்பழத்துக்கு விலை பேசினாள்.
எட்டாம் மாதம் கடைத்தெரு நகைச்சுவைக்குச் சரியான இடத்தில் சிரித்தாள்.
நான் பெருமைப்பட்டேன்.
பயப்பட வேண்டும் என்று தோன்றவில்லை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை.
மா சோ வின் கையில் பட்டையைச் சுற்றி
இவள் காற்றடித்துக்கொண்டிருக்கிறாள்.
பெஞ்சில் இருந்தவளிடம் மா சோ வின் சொல்கிறாள்:
"எனக்கு என்ன நோய்? காலையிலேயே
மார்க்கெட் கம்பவுண்டரிடம் ஊசி போட்டாச்சு.
யாரும் வரலைன்னா இந்தப் பொண்ணு
வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கும்.
இன்னிக்கு எங்க முறை. நாளைக்கு உங்க வீடு."

மரைக்கேயின் கை நிற்கவில்லை.
முதல் முறையாக
என் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.
"தலை சுற்றுகிறதாம்" என்றேன்.
நூற்றிருபது, எண்பது என்று எழுதிக்கொண்டாள்.

முறை வைத்தது நான்தான்.
முதல் மாதம், நாலு நாள் சேர்ந்தாற்போல ஒருவரும் வராமல்
அவள் மூன்று தடவை மேஜையைத் துடைத்ததைப் பார்த்து
வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.
பதிவேடு காலியாக இருந்தால்
என் சம்பளமும் நிற்கும்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

'ஆநாடே' என்பார்கள் இங்கே.
தமிழில் சங்கடம் என்றால் பாதி வரும்,
தாட்சண்யம் என்றால் இன்னும் கொஞ்சம்.
அடுத்தவர் முகம் வாடுமே என்று
நமக்கு உள்ளே வலிப்பது.
உதவி செய்யக் கடல் தாண்டி வந்தவளுக்கு
ஊரே சேர்ந்து உதவி செய்துகொண்டிருந்தது.
அதை எப்படித் தாங்குவாள்?

யார் ஏற்பாடு என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எந்த மொழியில் சொல்லியிருப்பேன்?

ராத்திரி பஸ்ஸுக்குப் பதினேழு பேர் வந்தார்கள்,
தூறலில், சோற்றுப் பொட்டலத்தோடு.
அதற்கு யாரும் முறை வைக்கவில்லை.
அவளிடம் அதைச் சொல்ல நினைத்தேன்.
நம்பியிருக்க மாட்டாள்.

மஞ்சள் பூட்ஸை விட்டுப் போயிருக்கிறாள்.
அத்தனை பெரிய கால் இந்த ஊரில் கிடையாது.
இடது பூட்ஸில் கோழி அடைகாக்கிறது.

ஐப்பசியில் அடுத்தவர் வருகிறாராம்.
கடிதம் போட்டிருக்கிறார்:
வருவதற்கு முன்பே
உங்கள் மொழியைக் கற்றுக்கொள்ளட்டுமா?

இன்னும் பதில் எழுதவில்லை.