பொம்மைக் கழுத்து

முதல் விதி: பேசக் கூடாது.
தும்மல் வந்தால் முழங்கையில் புதைத்துக்கொள்ள வேண்டும்.
திரைக்கு இந்தப் பக்கம் நான் இல்லை.
என் வலக்கையில் ஏறியிருக்கும்
துணியும் பிசினும் சேர்ந்த கழுகுத் தலைதான் இருக்கிறது,
கருந்தாடியோடு, சிவந்த கண்வளையத்தோடு.

ஒன்பதாம் நாள், காலை ஆறு மணி.
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நேற்றும் அதேதான்.
தராசுத் தட்டைத் துடைத்தேன், ஊதினேன்,
மறுபடி வைத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.

முயல் தொடையைத் தோலும் கொழுப்பும் போக
சுண்டுவிரல் நகம் அளவுக்கு அரிந்து,
உப்புநீரில் நனைத்து,
வெதுவெதுப்பு வந்ததும்
பொம்மையின் அலகில் இடுக்கி நீட்டுகிறேன்.
குஞ்சு பார்க்கிறது.
சாப்பிட்டுவிட்டு விருந்துக்கு வந்தவர்போல
மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

போல்தான்யா கசாப்புக்கடை ஃபெர்மின்
ஆட்டுக்கால்களை எனக்கென்று ஒதுக்கிவைப்பார்.
"கறியை விட்டு எலும்பைக் கேட்கிறாயே, ஒரோசியா,
உன் நாய்க்குப் புத்தி பிசகா?"
ஐந்து வருடமாக அதே கேலி.
நேற்று காசு வாங்காமல் ஒரு பொட்டலம் சேர்த்தார்:
மச்சான் சுட்ட காட்டுப்பன்றியின் ஈரல்.
"குஞ்சு தேறிவிடும், பார்."

வாங்காமல் எப்படி வருவது?
கொண்டுவந்து எக்ஸ்ரே பெட்டியில் வைத்தேன்.
சாம்பல் மேகத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி.
கடுகளவு ஈயம்.
இந்தக் கடுகில் காரம் இல்லை,
நாக்கு கண்டுபிடிக்காது.
இறகு விரிக்கும் வயதில்
கழுத்தை மெல்லத் தொங்கவைக்கும்.
இரண்டு பைக்குள் கட்டி எறிந்தேன்.
கை கழுவினேன். மறுபடி கழுவினேன்.

எலும்பு நாளைக்குத்தான், அட்டவணைப்படி.
ஆனாலும் ஃபெர்மினின் கால்களுக்கு நடுவே
தவறி விழுந்திருந்த ஒரு விலா நுனி,
பால்பல் போல இளசு.
நறுக்கினேன். நனைத்தேன்.
பொம்மை குனிந்தது.

குஞ்சு அதை இரண்டு முறை கீழே போட்டது.
மூன்றாம் முறை
கழுத்து முழுவதும் ஒரு முடிச்சு இறங்கிப் போனது,
கிணற்றுக்குள் வாளி போல.
என் வாய் தானாகத் திறந்துகொண்டது.
சத்தத்தை உள்ளேயே விழுங்கினேன்.
பொம்மைத் தலை மட்டும்
எல்லாம் தன் சாமர்த்தியம் என்பதுபோல
நிமிர்ந்து நின்றது.
என் மணிக்கட்டுதான் வலித்தது.

மாலை: நானூற்று முப்பத்தொன்று.
பதிவேட்டில் 'எலும்பு' என்று எழுதி,
நேரம் குறித்து,
'அட்டவணைக்கு ஒரு நாள் முன்பு' என்று
சின்ன எழுத்தில் சேர்த்தேன்.

நாளை சனிக்கிழமை, கடை உண்டு.
ஃபெர்மின் கேட்பார்,
ஈரல் பிடித்ததா என்று.
பேசலாம் அங்கே, எந்த விதியும் இல்லை.
என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.