பல்லி விழுந்த பலன்

தலையில் விழுந்தால் கலகம்,
இடது தோளில் என்றால் என்னவோ நல்லது.
பஞ்சாங்கத்தில் உடம்பு முழுக்கப் போட்டிருக்கிறான்.
இன்வர்ட்டர் போர்டில் விழுந்தால் என்ன பலன் என்று
எங்கேயும் இல்லை.

விழுந்தது. தலையும் வாலும் இரண்டு முனையில் பட்டு
நடுவில் கருகி ஒட்டிக்கொண்டது.
சுரண்டி எடுத்தேன்,
அதோடு கோடும் பெயர்ந்து வந்துவிட்டது.
ரிலேவுக்குப் போகிற ஒல்லியான செம்புக்கோடு,
பாதி அரிசி நீளம்.

தோட்டப்பாளையம் சலாவுதீன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு,
"போர்டே மாத்திடலாங்க்கா, நாலாயிரத்து இருநூறு" என்றார்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
அது எனக்குப் பதினோரு நாள்.
போர்டை மடியில் வைத்துக்கொண்டு
டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

மொட்டைமாடி அறையில் மால்தாவிலிருந்து வந்தவர்கள்.
நிமாய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள்.
"ஃபேன் நிற்காதே?"
ஷிப்ரா கேட்டது அது ஒன்றுதான்.
நிற்காது என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்.
அக்னி நட்சத்திரத்தில், வேலூரில்,
அப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

ராத்திரி ஒன்பதரை. தட்டுகள் கழுவாமல் கிடந்தன.
தம்பி விட்டுப்போன சால்டரிங் அயர்ன் சூடேற,
தோல் சீவுகிற பிளேடால் பச்சைப் பூச்சைச் சீவினேன்.
இந்த வேலை கைக்குத் தெரியும்.
ஷூவின் மேல்பாகத்துக்கு ஓரம் சீவும்போது
மேல்தோல் போகணும், உள்தோல் தங்கணும்.
செம்பு கண்ணைத் திறந்தது.
இரண்டு பக்கமும் கூடவே கொஞ்சம் திறந்துவிட்டேன்.
ஒட்டு, கிழிசலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் அதற்குப் பெயர் ஏமாற்று.

பழைய சார்ஜர் ஒயரை உரித்து
ஒரே ஒரு இழை எடுத்தேன்.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
செம்பு இளிக்கவில்லை.
பேஸ்ட் புகைந்ததும் வா என்று இழுத்துக்கொண்டது.
கடுகளவு, பளபளவென்று,
முதல் முனை உட்கார்ந்தது.
இரண்டாம் முனைக்கு ஈயத்தை நீட்டினேன்,

கரண்ட் போனது.

கரண்ட் போனால் காப்பாற்றுகிற பெட்டியைச் சரிசெய்யக்
கரண்ட் வேண்டியிருக்கிறது.
தெரு ஒரு நொடி வாயடைத்து,
பிறகு எல்லா வீட்டிலிருந்தும் ஒரே வசவு.
மேலே ஃபேன் ஓய்வதும் கட்டில் கிரீச்சிடுவதும் கேட்டது.
இடுக்கியை நான் விடவில்லை.
அயர்னில் மிச்சமிருந்த சூட்டில் குத்துமதிப்பாகத் தொட்டேன்.

படியில் செல்போன் வெளிச்சம் இறங்கி வந்தது.
திட்டத்தான் வருகிறாள்.
ஷிப்ரா பக்கத்தில் குந்தி
வெளிச்சத்தை என் விரல்மேல் பிடித்தாள்.
ஈயம் சாம்பல் நிறத்தில் உறைந்திருந்தது,
பிடித்தது போல இருந்து பிடிக்காத ஒட்டு.
"நிமாய்?" என்றேன்.
கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதாகக் காட்டினாள்.
அப்புறம் ஸ்கேன் படக் கவரால்
எனக்கு விசிற ஆரம்பித்தாள்.

நாற்பது நிமிடம்.
இரண்டு பேருக்கும் தெரிந்த இந்தி
ஆஸ்பத்திரி கவுண்டர் அளவுக்குத்தான்.
டோக்கன், பில், நாளைக்கு வா.
அதை வைத்துக்கொண்டே
அவள் மகள் எந்த வகுப்பு என்பது வரை போய்விட்டோம்.

வெளிச்சம் வந்தது. அயர்ன் சூடாகட்டும் என்று இருந்து
அந்தச் சாம்பல் பொட்டை மறுபடி உருக்கினேன்.
இம்முறை கண்ணாடி மாதிரி ஓடி நின்றது.
மீட்டரின் இரண்டு முனைகளை வைத்தேன்.
பீப்.
"ஹோயே கேச்சே?" என்றாள்.
ஆயிடுச்சு என்றேன்.
மேலே ஓடிப்போய் நெயில் பாலிஷ் கொண்டுவந்தாள்.
இழைமேல் ஒரு சொட்டு, ரத்தச் சிவப்பு.
பல்லி நுழைந்த ஓட்டைக்கு
கம்பெனியிலிருந்து வந்த லைனிங் வலைத்துணி.

போர்டை முடுக்கி, பேட்டரி மாட்டி,
மெயினை அணைத்துப் பார்க்கக் கை போனது.
மேலே ஃபேன் அப்போதுதான் வேகம் பிடித்திருந்தது.
கையை எடுத்துவிட்டேன்.

அதற்குப்பிறகு கரண்ட் போகவே இல்லை.
ஆறரைக்குக் கம்பெனி வேன்.
கொட்டக் கொட்ட விழித்துப் படுத்திருந்தேன்.
போகாதா, ஒரு தரம் போய்த் தொலையாதா என்று
மே மாதத்தில் வேண்டிக்கொண்டது
வேலூரிலேயே
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.