சேற்றிடம் பெயர் சொன்னேன்

கணக்கெடுப்புக்காரர் வந்த காலை
ஆட்டின் குளம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.
மதம்?
இந்து.
பேனா நகரவில்லை.
ரெண்டு கட்டம் இருக்கு, எதில் போட?
ஒன்றில் இந்து,
பக்கத்தில் பட்டியல் சாதி.
ஆட்டின் கால் என் மடியில் உதறியது.
உங்களுக்கே தெரியுமே என்றேன்.
தெரிந்துதான் இருந்தது.

சித்திரையில் ஹிங்லாஜுக்குப் பேருந்து.
இஸ்லாம்கோட்டிலிருந்து ஐம்பத்திரண்டு பேர்,
கூரைமேல் தேங்காய் மூட்டை.
சிந்துப் பாலத்தில் பெண்கள் காசு எறிந்தார்கள்.
வறுகடலை மென்றபடி லேக்ராஜ் சொன்னார்:
இந்த ஆற்றின் பெயர்தான் நம் பெயர்.
மேற்கே இருந்தவர்கள் வாயில் ஸகரம் நிற்கவில்லை,
ஹ என்று காற்றாய்ப் போனது.
ஆற்றுக்கு இப்பால் இருந்த எல்லாரையும்
அந்தக் காற்றால் கூப்பிட்டார்கள்.

அப்போ இதை ஆரம்பித்தது யார் என்றான் கண்டக்டர் ஷம்பே.
அவன் பலூச்சி; எங்கள் தேவியை நானி என்பான்,
மேடு வந்தால் அவளைக் கூப்பிட்டுத்தான் விசிலடிப்பான்.
லேக்ராஜ் கடலைத் தோலை ஊதினார்.
ஆரம்பித்தவர் பெயர் கிடையாது. தேதியும் கிடையாது.
நெருப்பில் நெய் விட்டவர்கள்,
மரத்தடிக் கல்லுக்குச் செந்தூரம் பூசியவர்கள்,
யார் யாரிடம் வந்து சேர்ந்தார்கள் என்று
இன்னும் சண்டை நடக்கிறது.

எனக்கு வேறொன்று ஓடியது.
வெளியாள் வைத்த பெயர்
மேலே ஒட்டிக்கொள்ளும் என்பது
எங்கள் தெருவுக்குப் புதிதில்லை.

முன் இருக்கைக்காரி சிவனுக்கு விரதம், தண்ணீர்கூட இல்லை.
என் தட்டில் மீன்.
கொழுந்தன் பூரோவுக்குக் கடவுளே கிடையாது,
தேங்காய் மூட்டையை அவன்தான் ஏற்றினான்.
ஜன்னலோரம் வைத்தியர் மனைவி ஜெய்வந்தி,
சந்தையில் எங்கள் தேநீர்க் குவளை
ஏன் தனி ஆணியில் தொங்குகிறது என்றால்
போன பிறவிக் கணக்கு என்பாள்.
அந்தப் பிறவியை நான் பார்த்ததில்லை.
குவளையைப் பார்த்திருக்கிறேன். விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கும்.

இரவு சேற்று மலையடியில் ரொட்டிக்கு மாவு சேர்த்தார்கள்.
ஆளுக்கு ஒரு பிடி.
துணி தரையில் படக்கூடாது,
மூலைக்கு ஒருவர் பிடிக்க, நடுவே பிசைவார்கள்.
கை கடுத்து ஒருவர் முனையை நீட்டினார்.
இருட்டில் யாருக்கென்று பார்க்கவில்லை.
வாங்கிக்கொண்டேன்.
எதிர் முனையில் தங்க வளையல் குலுங்கியது.
நெய் விழுந்தது, வெல்லம் விழுந்தது,
என் பிடி எங்கே போயிற்றென்று
எனக்கே தெரியவில்லை.
விடியும்வரை தணலுக்குள் கிடந்தது.

உச்சியில் சேறு கொதிக்கிறது, ஆனால் குளிர்ந்திருக்கிறது.
பெயர், தகப்பன் பெயர், ஊர்,
பிறகு பாவம்; உரக்கச் சொல்லவேண்டும்.
குமிழ் வந்தால் மன்னிப்பு.
ஜெய்வந்தி நாத்தனார் காதோலை ஒன்றைச் சொன்னாள்.
பெரிய குமிழ்.

ஹுர்மி.
மேவோ மகள்.
இஸ்லாம்கோட்.
அப்புறம் வாய் நின்றுவிட்டது.
கோல் பிடித்தவர் ம் என்றார்.
கட்டத்தை நான் சொல்லவில்லை என்றேன்,
அவரையே போட விட்டேன்.
யாருக்கும் விளங்கவில்லை.
சேறும் அசையவில்லை.
காற்றில் தாவணி பறந்தது, பின்னால் யாரோ இருமினார்கள்.
அடுத்த பெயரைக் கூப்பிட்ட பிறகு
ஓரமாக ஒன்று வந்து உடைந்தது.
என்னுடையதா அவருடையதா, கேட்கவில்லை.
தேங்காயை எறிந்தேன்.

ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார்கள்.
ஜெய்வந்தி கண்மூடி மென்றாள்.
அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

குகையில் தேவிக்கு முகமில்லை.
தலை விழுந்த இடம் என்கிறார்கள்,
கல்லும் செந்தூரமும்தான்.
முகமில்லாதது எனக்குப் பிடித்திருந்தது;
என்னைப் பார்த்து அது முகம் சுளிக்க முடியாது.

திரும்பும் வழியில் பேருந்து ஒரு தேநீர்க் கடையில் நின்றது.
காலில் சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.
யார், யார் மகள், எந்த ஊர் என்றான் கடைக்காரன்.
சொன்னேன்,
மலையில் சொன்ன அதே குரலில்.
அவன் ஆணியைப் பார்த்தான்.