கட்டாயக் கட்டம்

அதிகபட்சக் கல்வித் தகுதி என்றொரு கட்டம்.
பக்கத்தில் சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
நிரப்பாமல் நகர விடாது.
என் ஜாதகத்திலும் இப்படித்தான்,
கட்டமும் நட்சத்திரமும் சேர்ந்துகொண்டு
ஆளை அடுத்த பக்கம் போகவிடாது
என்று சிரித்துக்கொண்டேன்.
பிறகு சிரிக்கவில்லை.

எஸ்.சி. தேர்வு, இரண்டு தடவை.
எங்கள் தீவில் ஒன்றுதான் உச்சி, ஒன்பது தோல்வி.
கணிதம் ஒன்பது. பிரெஞ்சு எட்டு.
மறுவருடம் கணிதம் மறுபடி ஒன்பது,
ஒன்பது கிரகமும் ஒரே வீட்டில் உட்கார்ந்த மாதிரி.
அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
அடுத்த வாரம்
பேருந்துக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார்.

ரோஸ்ஹில்லிலிருந்து போர்ட் லூயி,
போர்ட் லூயியிலிருந்து ரோஸ்ஹில்.
பத்தொன்பது வருடம் நின்றுகொண்டே போனேன்.
வளைவில் சாய்ந்தபடி
நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணுவேன்.
மாலைக் கணக்கு ஒரு ரூபாய் உதைத்ததில்லை.
அதைக் கணிதம் என்று யாரும் சொல்லவில்லை,
நானும் நினைக்கவில்லை.

டிக்கெட் மெஷின் வந்த வருடம்
அது நடுவழியில் உறைந்துபோகும்.
மற்றவர்கள் தட்டினார்கள்.
நான் எங்கே உறைகிறது என்று குறித்துவைத்தேன்,
ரசீதுகளின் பின்பக்கத்தில், இருபத்தேழு நாள்.
யாரும் ஏறாத நிறுத்தத்தில்தான்,
பூஜ்யத்தைக் கண்டால்தான் அதற்குப் பயம்.
டெப்போவில் போய்ச் சொன்னேன்.
உனக்கென்ன தெரியும், வண்டியில் ஏறு என்றார்கள்.
ஏறினேன்.
அந்த மாதமே தவணையில் ஒரு பழைய மடிக்கணினி.

மகள் லவினாவுக்கும் எனக்கும் ஒரே விளக்கு.
உதட்டை அசைக்காமல் படியுங்கள் அப்பா என்பாள்.
மூன்றாம் புயல் எச்சரிக்கை வந்தால்
பேருந்து ஓடாது, எனக்குக் கொண்டாட்டம்.
மின்சாரம் போகும்வரை,
பிறகு பேட்டரி தீரும்வரை.

எண்ணிக்கை இங்கே பூஜ்யத்தில் தொடங்கும் என்றது பாடம்.
அதில் மட்டும் எனக்குச் சிரமமே இல்லை.

ஓர் அரைப்புள்ளி விட்டதற்கு மூன்று இரவு போனது.
இயந்திரமும் சிவப்பில்தான் திட்டுகிறது,
ஆனால் எத்தனையாவது வரி என்று சொல்லிவிடுகிறது.
மிஸ்யே லாபோர்ட்
வட்டம் போடுவார். வரியைச் சொன்னதில்லை.

கடைசியில் அந்தக் கட்டத்தில்
'எஸ்.சி., தேறவில்லை' என்றே எழுதினேன்.
முப்பத்தொரு விண்ணப்பம். பதில் நான்கு.
கூப்பிட்டது எபேனில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி.
எதிரே இருபத்தைந்து வயதில் ஒரு பெண், ஒரேலி.
நீங்கள் கண்டுபிடித்த ஒரு கோளாறைச் சொல்லுங்கள் என்றாள்.
டிக்கெட் மெஷினைச் சொன்னேன்.
ரசீதுகளைக் காட்டட்டுமா என்றேன்,
பையில்தான் இருந்தன.

ஆறு மாதம் தற்காலிகம்.
கண்டக்டர் சம்பளத்தைவிட எண்ணூறு குறைவு.

முதல் நாள் என் பழைய வண்டியிலேயே ஏறினேன்.
கிஸ்னென் காசு வாங்க மாட்டேன் என்றான்.
டிக்கெட்டைக் கிழியடா,
சீட்டைக் காட்டினால்தான் ஆபீசில்
பஸ் செலவு திருப்பித் தருவார்கள் என்றேன்.
வண்டி முழுக்கச் சிரித்தது.
உட்கார இடம் இருந்தது.
கால்தான் கேட்கவில்லை.

முதல் வேலை:
ஓர் அம்மாளுக்குக் காசோலை திரும்பிவிட்டது.
அடையாள அட்டையில் இருக்கிற பெயர்
கம்பெனித் தாளில் இல்லை.
முத்துக்குமாரசாமிப்பிள்ளை என்பது
முத்துக்குமா என்று நின்றிருந்தது,
வாசலில் கூப்பிட்டவர் பாதியில் போய்விட்ட மாதிரி.
தேடினேன். எங்கள் பெயர்களைக் கேட்டிராத எவனோ
பன்னிரண்டு எழுத்து போதும் என்று
என்றைக்கோ எழுதிவைத்திருக்கிறான்.
அறுபது என்று மாற்றினேன்.
ஓடவில்லை.
இன்னும் மூன்று இடத்தில் ஒளிந்திருந்தது பன்னிரண்டு.
மாலை ஆறு மணிக்கு ஓடியது.

ஒரேலி பார்த்துவிட்டு, ஏன் அறுபது என்றாள்.
அப்பா பெயரோடு சேர்த்து
என் பெயரை எழுதிப் பார்த்தேன் என்றேன்.
கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.