புந்தா அரேனாஸ், வியாழன் நாலு மணி

காற்று எகிறும் நாளில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள் இங்கே.
நிபால்தோ ஒரு கயிற்றைப் பிடித்து வந்தார்,
எலியானா வேறொன்றை.

என் கட்டணத்தில் தீர்ப்பு அடங்காது.
அவர் சொன்னதை நீங்கள் சொல்லுங்கள் என்றேன் அவளிடம்.

"நான் கத்துகிறேனாம்."
இல்லை என்று தலையாட்டினார்.
"செலவாளியாம்."
இல்லை.
"அவர் அம்மாவை…"
இல்லை, இல்லை.

கெண்டியில் வெந்நீர் ஆறிப்போனது.
எனக்குத் தெரிந்திருந்தது.
தெரிந்ததை நாக்குக்கடியில் வைத்திருக்கத்தான்
ஒன்பது வருடம் படித்தேன்.

"கப்பலிலிருந்து அவர் திரும்பும் இரவுகளில்
வாசல் விளக்கு
எரிவதில்லை."

தலை ஆடவில்லை.
மடியிலிருந்த தொப்பியைத்
திருப்பித் திருப்பி வைத்தார்.

நேரம் முடிந்து பன்னிரண்டு நிமிடம்,
நான் சொல்லவில்லை.

பிறகு சன்னல் வழியே பார்த்தேன்:
ஒரே கயிறு.
இருவருக்கும் நடுவே
இன்னும் நாலு பேர் நிற்கலாம்.