நீர்மட்டம்

எழும்பூர், இரண்டாம் மாடி. ஏசி ஓடவில்லை.
மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது யமுனை.
பலாப்பலகை, சுண்ணாம்பு, புளியங்கொட்டைப் பசை.
கரையில் ஒரு கடம்பு, கிளையெல்லாம் புடவை.
மேலே அவன், கால்மேல் கால்.
கீழே பெண்கள், கழுத்தளவு நீரில்.

பதிவேட்டில் ஒரே வரி:
கோபியர் நீராடல். காலம் தெரியவில்லை. நிலை: சுமார்.

எண்ணிப் பார்த்தது செவ்வாய்க்கிழமை.
பெண்கள் ஏழு. புடவை ஆறு.

வரைந்தவனுக்குக் கணக்கு வராது என்றாள்
வேதியியல் பிரிவு சகாயராணி.
கண்காணிப்பாளர் வேங்கடவரதன் கண்ணாடியைக் கழற்றினார்:
அது ஜீவாத்மாம்மா.
மறைக்க ஒன்றுமில்லாமல் வந்தவள்.
சொல்லும்போது குரல் தழுதழுத்தது.
காப்பி கொண்டுவந்த பையன் மட்டும்
ஒண்ணு காத்துல பறந்துருக்கும்க்கா என்றான்.
எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஆறு பேர் மரத்தைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள்.
இடது ஓரத்து ஏழாமவள்
இருபத்தொன்பது சி-க்கு நிற்பவள்போல
எங்கோ பார்க்கிறாள்.

புற ஊதா விளக்கில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது.
அடியில் அவுரி.
மேலே பிற்காலத்துக் கடைநீலம்.
யாரோ, எப்போதோ,
செம்பரம்பாக்கம் திறக்காமலே
நீர்மட்டத்தை நான்கு விரற்கடை ஏற்றியிருக்கிறார்கள்.
மானத்துக்காகத்தான்.
அவசரத்தில் ஒருத்திக்கு மோவாய் மூழ்கிவிட்டது.

அனுமதிக் கடிதம் வர ஒன்பது நாள்.
வலது ஓரத்திலிருந்து தொடங்கினேன்.
பஞ்சுக்குச்சி நீலமாகிக்கொண்டே இருந்தது.
ஆறு பேரின் தோள், மார்பு
பழைய செங்கோட்டில் எழுந்து வந்தன,
சும்மா, உடம்பாக.

ஏழாமவளின் தோளுக்குக் கீழே ஒரு முடிச்சு.
அதற்குக் கீழே அரக்குச் சேலை,
மார்புக்குமேல் இறுக்கிக் கட்டி,
நீருக்குள் ஊதிப் பரந்து.

அவள் கழற்றவே இல்லை.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும்.
புளியந்தோப்பில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு குளியலறை.
கதவில்லை, சாக்குத் திரை.
எதிர்மாடியில் எந்நேரமும் பல் தேய்த்துக்கொண்டு ஒருவன்.
பாவாடையை மேலே ஏற்றி
வலப்பக்கம் செருகி ஒரு முறுக்கு.
லாரி வந்த நாளில் இரண்டு பக்கெட், வராத நாளில் அரை.
இருபத்திரண்டு வயதுவரை
துணியைத் தொடாமல்
என்னைத் தொட்டதில்லை தண்ணீர்.

மரத்தில் யார் இருப்பார்களென்று
அவளுக்குத் தெரிந்திருக்காது.
மரம் இருப்பது தெரியும்.

வரைந்த கை ஆணுடையதாகவே இருக்கட்டும்.
பக்கத்தில் சாயம் அரைத்த ஒருத்தி
அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

மானம் காக்க நீரை ஏற்றியவனோ
உடுத்தி நின்றவளையும் உரித்துவிட்டான்.

மேற்பூச்சு நீக்கப்பட்டது, அறிக்கையில் எழுதினேன்.
சேலைகள் ஏழு, அதற்குக் கீழே.
வேங்கடவரதன் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
ஜீவாத்மா பற்றி ஒன்றும் சொல்லாமல்
கையொப்பமிட்டார்.

கூடையில் பஞ்சுபஞ்சாக நான்கு விரற்கடை யமுனை.
இவ்ளோ நீலமா என்றான் பையன்.

இப்போது எங்கள் வீட்டுக் குளியலறைக்கு
கதவுண்டு, தாழ்ப்பாள் உண்டு.
சன்னலுக்கு வெளியே
ஒரு வாதாமரம்.