ஒரு புள்ளி வெள்ளை

துபாயிலிருந்து வந்த பெட்டியில்
டாங் டப்பாவுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே
துண்டில் சுற்றிக் கிடந்தது அது.
ஆறு பென்சில் பேட்டரி தின்னும்.
கேம்பாயிலிருந்து வயரை இழுத்து மாட்டினால்
க்ர்ர்ர் என்று
இரண்டு விரல் அகலத்துக்குப் படம் துப்பும்.

மச்சான் விளையாடத்தான் அனுப்பியிருந்தார்.
நெய்னா கணக்குப் போட்டான்:
ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.
முகம் ஒன்று அஞ்சு ரூபாய்.

கூட வந்த சுருள் இரண்டாம் நாளே தீர்ந்தது.
ராமநாதபுரம் கடைவீதி முழுக்கக் கைவிரித்தது.
"ஃபேக்ஸ் ரோல் கிடக்கு. ஆனா அது யானைக்குக் கட்டுற வேட்டில்ல"
என்றார் எஸ்.டி.டி. பூத் லெப்பைக்கனி.
வாங்கிவந்து
அடிஸ்கேலும் சவர பிளேடும் வைத்து
அந்த வேட்டியைக் கோவணமாக அறுத்தது நான்.
இடது கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது;
தொழிலில் நான் போட்ட முதல் அதுதான்.

மை கிடையாது அந்த மெஷினுக்கு.
சூடு பட்ட இடம் கறுக்கும்,
படாத இடம் வெள்ளை,
நடுவில் இரண்டு சாம்பல்.
கீழக்கரைக் கடலை முதலில் எடுத்தோம்.
நண்பகல்.
வெறும் தாள் வந்தது.
மறுபடி எடுத்தோம்.
மறுபடியும் வெறும் தாள்.
கடல் அதற்குத் தெரியவில்லை என்று விட்டுவிட்டோம்,
ஆட்களைத் தெரிந்தால் போதும்.

கருவாட்டுக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே
நின்று எடுத்துக்கொண்டாள் பூமயில்.
முப்பது படம்தான் உள்ளே தங்கும்.
அவள் பதினேழு.

வைகாசியில் வந்தாள்.
சுருக்குப்பையிலிருந்து
வெற்றிலைச் சருகோடு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து
மேசையில் வைத்தாள்.
"மூஞ்சியக் காணோம். காசக் குடு."

இன்னொண்ணு அடிச்சுத் தாரேன் என்று
பதினேழைத் தேடினான் நெய்னா.
பதினேழில் ஆட்டுக்குட்டி நின்றது.
அவன் என்னைப் பார்த்தான்,
நான் ஃபேனைப் பார்த்தேன்.
சரி, நில்லுங்கக்கா.

வந்த படத்தை
ஈரம் காய்வதற்குப்போல ஊதிவிட்டுப் பார்த்தாள்.
"இது இல்ல. பழசு."
"ரெண்டும் நீங்கதானக்கா."
"பழசுல மூக்குத்தி இருந்துச்சுல்ல."

அப்போதுதான் கவனித்தோம்,
துளை தூர்ந்துவிடாமல் இருக்க
மூக்கில் ஒரு ஈர்க்குச்சி.
படத்தில் அது இன்னொரு சாம்பல், அவ்வளவே.
எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.
அதே பையிலிருந்து எட்டிப்பார்த்தது
அடகுக்கடை மஞ்சள் ரசீது.
அது மட்டும் எழுத்து மங்காமல் இருந்தது.

மெஷினுக்குள் ஒட்டுப்படங்கள் உண்டு.
நட்சத்திரம் ஒன்றை நகர்த்திக்கொண்டுபோய்
அவள் மூக்கில் வைத்தான் நெய்னா.
மூக்கே போய்விட்டது.
"கோமாளி வேசமா கட்டுற?"

கறுத்த இடத்தை வெளுக்கவைக்க
எங்கள் இருவருக்கும் தெரியாது.
அவள் செருப்பு வாரில் கோர்த்திருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி
படத்தில்
ஈர்க்குச்சி இருந்த இடத்தில்
ஒரே குத்து.

வாசலுக்குப் போய்த் தூக்கிப் பிடித்தாள்.
ஜெட்டிப் பக்கம் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.
நாங்கள் எடுக்க முடியாமல் விட்ட கடலில்
ஒரு கடுகளவு
அவள் மூக்கில் ஏறி நின்றது.
கொஞ்சம் சாய்த்தாள். போனது.
நிமிர்த்தினாள். வந்தது.

ஊக்கை வாங்கிச் செருப்பில் கோர்த்துக்கொண்டாள்.
படத்தைச் சருகுக்குள் வைத்து
பையின் கயிற்றை இழுத்தாள்.
பிறகு கையை நீட்டினாள்:
"அந்த அஞ்சு ரூவா?"